பதினேழு நிறுத்தங்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்குத் தொகுரா தன் மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார். இருக்கக் கூடாத தாள்கள் அதில் இருந்தன. இருக்க வேண்டிய தாள்களைக் காணவில்லை. உடனே அவருடைய வலது முழங்கால் ஆட ஆரம்பித்தது.

"காலை ஆட்டாதீங்க தலைவரே. ரெண்டு மேசையும் ஒட்டிக் கிடக்கு. நான் அடிக்கிற எழுத்தெல்லாம் குளிர்ல நடுங்கற மாதிரி வருது" என்றாள் அசாகா.

அசாகாவுக்கு முப்பத்திரண்டு வயது. விற்பனைப் பிரிவில் இருந்தபோது தன் மேலாளரின் பேச்சில் இருந்த தப்பைக் கூட்டத்தில் வைத்தே திருத்தியவள். அதற்குப் பரிசாக இந்த அறைக்கு அனுப்பப்பட்டாள். தொகுராவுக்கு ஐம்பத்தொன்பது. அவர் என்ன செய்து இங்கே வந்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. பதினோரு வருஷம் ஆகிறதே. இந்த இரண்டு பேரும் சேர்ந்ததுதான் செகிமோரி மோட்டார்ஸின் நிறுவன வரலாற்று அறை. மூன்றாம் மாடிக் கடைசியில், கொதிகலன் அறைக்கும் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் கிடங்குக்கும் நடுவில் அது இருந்தது. நாற்காலிக் கிடங்குக்காவது அவ்வப்போது யாராவது வருவார்கள்.

"நேத்து சாயங்காலம் ஒப்புதல் சுற்றுக்குப் போன கோப்புல என்ன இருந்தது?"

"நீங்கதானே வெச்சீங்க? எழுபத்தஞ்சாம் ஆண்டுப் புத்தகம், ரெண்டாம் அத்தியாயம், நீல உறை."

தொகுரா இழுப்பறையிலிருந்து இன்னொரு நீல உறையை எடுத்துக் காட்டினார். அசாகா அதைப் பிரித்து முதல் பக்கத்தில் பத்து வரி படித்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"கரடி இங்க இருக்கு. அப்ப அங்க போனது எது, தலைவரே?"

மேசை ஆடியது.

செகிமோரி கார்கள் நிற்பதில்லை என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். பாலைவனத்தில் மணல் தின்றும் ஓடின, ஆண்டீஸ் மலையில் மூச்சு முட்டியும் ஓடின. ஏதோ ஒரு தீவில் ஒரு செகிமோரியைக் கோழிக்கூடாக்கிப் பத்து வருஷம் வைத்திருந்துவிட்டு, கோழிகளை இறக்கிச் சாவியைத் திருப்பியதும் கிளம்பிற்றாம். இந்தப் பேருக்கெல்லாம் ஊற்று ஒரே ஒரு நாள். 1951 டிசம்பரில், நிறுவனர் செகிமோரி கென்சாக்கு தன் கையால் செய்த முதல் மூன்று சக்கர வண்டியில் கராசு கணவாயைக் கடந்த நாள்.

இருபத்தைந்தாம் ஆண்டுப் புத்தகத்தில் அது ஒரே வரி: 'கடந்தார்'. ஐம்பதாம் ஆண்டில் பனிப்புயல் வந்து சேர்ந்தது, வண்டியில் மருந்துப் பெட்டி ஏறியது, 'ஒருமுறைகூட நிற்காமல்' என்ற சொற்றொடர் பிறந்தது. அறுபதாம் ஆண்டில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அதன் தாய் விளக்கோடு வாசலில் நின்றாள். எழுபத்தைந்துக்கு இன்னும் ஏதாவது வேண்டும் என்று விளம்பரத் துறைத் தலைவர் கன்பே கேட்டார்.

"ஒரு ஓநாய் வந்தா நல்லா இருக்கும், தொகுரா-சான். வண்டியத் துரத்துது. வண்டி நிக்கல."

"நம்ம நாட்டு ஓநாய் அதுக்கு நாப்பது வருஷம் முந்தியே அழிஞ்சு போச்சுங்க."

"அப்ப கரடி."

"டிசம்பர்ல கரடி தூங்கும்."

"நம்ம எஞ்சின் சத்தத்துல முழிச்சுக்குச்சுன்னு போடுங்க" என்ற கன்பே சற்று யோசித்தார். "வேணாம். எஞ்சின் சத்தம் போடும்னு ஆயிடும். தூக்கம் வராத கரடின்னு போடுங்க."

தூக்கம் வராத கரடியைத் தொகுரா எழுதினார். அடுத்த ஏப்ரலில் அவருக்கு அறுபது. அறுபதில் ஓய்வு. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் மறுநியமனம் உண்டா இல்லையா என்பது கன்பே எழுதப்போகும் ஒரு வரியில் இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் இந்த முழங்கால் வீட்டையே இடித்துவிடும் என்று மனைவி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். ஆகவே கரடி.

ஆனால் ஆகஸ்டில் ஒன்று நடந்தது. தலைமை அலுவலக முகப்பில் சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் அந்த மூன்று சக்கர வண்டியின் இருக்கையைப் புதுப்பிக்க ஆள் வந்தார். பழைய பஞ்சை உருவும்போது அதற்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் விழுந்தது. வரலாறு சம்பந்தப்பட்டது மாதிரி இருக்கிறது என்று வரவேற்பு மேசைப் பெண் அதை மூன்றாம் மாடிக்கு அனுப்பிவைத்தாள்.

பென்சில் எழுத்து. நிறுவனரின் கையெழுத்து. தலைப்பு: 'கராசு கணவாய் – எங்கே நின்றது, ஏன்.'

முதல் நிறுத்தம். காலை 6.20. பட்டறை வாசலிலிருந்து முப்பது அடி. காரணம்: பெட்ரோல் ஊற்ற மறந்தேன். செய்ய வேண்டியது: புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றை எழுதிக் கதவில் ஒட்டு.

இப்படியே போயிற்று. இடம், நேரம், காரணம், செய்ய வேண்டியது. மருந்துப் பெட்டி இல்லை; மைத்துனன் கல்யாணத்துக்கு மூன்று பீப்பாய் முள்ளங்கி ஊறுகாய். பனிப்புயல் இல்லை, தூறல். காய்ச்சல்காரக் குழந்தை இல்லை, நிறுவனருக்குத்தான் சளி. ஒன்பதாவது நிறுத்தத்தில் எஞ்சின் பட்டை அறுந்தது. கரி மூட்டை சுமந்து வந்த பெண் ஒருத்தி தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். 'அது கடைசிவரை அறுந்துபோகவில்லை. செய்ய வேண்டியது: பட்டையை இந்தக் கயிறு மாதிரி முறுக்கிப் பின்னச் சொல்.'

பதினேழாவது, கணவாயின் உச்சி. 'காரணம்: தெரியவில்லை. கரி சுமக்கும் பெண்கள் நால்வர் பின்னாலிருந்து தள்ளினார்கள். இறக்கத்தில் வண்டி கிளம்பிவிட்டது. நிறுத்தி நன்றி சொல்லியிருக்க வேண்டும். நின்றால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் போய்விட்டேன். செய்ய வேண்டியது: காரணம் கண்டுபிடி. திரும்பிப் போய் நன்றி சொல்.'

அதாவது அந்த வண்டி நிற்காமல் போனது அந்த ஓர் இடத்தில்தான். நின்றிருக்க வேண்டியதும் அங்கேதான்.

தொகுரா நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதை அத்தியாயமாக எழுதினார். யாருக்கும் காட்டுவதற்கு இல்லை. அரிப்பு எடுத்த இடத்தைச் சொறிந்துகொள்வதைப் போல எழுதினார். எழுதி நீல உறையில் போட்டு இரண்டாவது இழுப்பறையில் வைத்தார். கரடியும் நீல உறையில்தான் இருந்தது.

இப்போது சொறிந்தது சுற்றுக்குப் போய்விட்டது.

செகிமோரியில் ஒரு தாள் மேலே போவதென்றால் எட்டுக் கட்டம் தாண்ட வேண்டும். வலது ஓரக் கட்டம் தொகுராவுடையது. இடது ஓரம் சேர்மனுடையது. ஒவ்வொருவரும் தன் கட்டத்தில் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் பதிக்க வேண்டும். நேராகப் பதித்தால் திமிர். இடப்பக்கம் இருக்கும் மேலதிகாரியைப் பார்த்துக் குனிவது போல முத்திரை சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். பதவி இறங்க இறங்கச் சாய்வு கூடும். தொகுராவின் முத்திரை கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். எல்லாரும் பதித்து முடித்த தாளைப் பார்த்தால், காற்றடித்த நாற்று மாதிரி எல்லாப் பெயரும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, கடைசியில் சேர்மனின் முத்திரை மட்டும் விறைப்பாக நிற்கும். முத்திரை வைக்கும் கலைக்கு இரண்டு நாள் பயிற்சி உண்டு. முத்திரைக்கு மேலே இருக்கும் எழுத்தைப் படிப்பதற்குப் பயிற்சி எதுவும் கிடையாது.

தொகுரா படியிறங்கி இரண்டாம் மாடிக்கு ஓடினார். கன்பே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே தொலைபேசிக்குக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை தொகுரா வெளியே ஒரு காலிலும் மறு காலிலும் மாறி மாறி நின்றார்.

"நேத்து வந்த கோப்பு..."

"பாத்துட்டேன், பாத்துட்டேன். பிரமாதம்! சேர்மன் படம் மட்டும் கட்டை விரல் அளவுக்குப் பெரிசாகணும். சொல்லிட்டேன், முத்திரையும் வெச்சாச்சு."

"அதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. வேற தாள் போயிருக்கு."

கன்பேயின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்தது. "வேற தாளா?"

"ஆமாங்க. அனுப்ப வேண்டியது என்கிட்டயே இருக்கு."

"தொகுரா-சான், நான் முத்திரை வெச்ச தாள் எப்படி வேற தாள் ஆகும்?"

"அது... நீங்க ஒருவேளை முழுசா வாசிக்காம..."

"வாசிக்காம?" கன்பே குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால் பக்கத்து மேசைகளில் விசைப்பலகைச் சத்தம் நின்றுவிடும். "நான் வாசிக்காம முத்திரை வெச்சேன்னு இந்தக் கட்டடத்துல யாராவது சொன்னா, அவங்க மறுநியமனம் பத்தி நான் என்ன எழுதுவேன்னு எனக்கே பயமா இருக்கு."

"நீங்க வாசிச்சீங்க" என்றார் தொகுரா.

"வாசிச்சேன். கரடி வந்த இடம் ரொம்ப உருக்கம்."

"கரடி வரலீங்க."

"வராததுதான் உருக்கம்" என்று கன்பே அடுத்த அழைப்பை எடுத்துவிட்டார்.

தொகுரா சட்டப் பிரிவுக்கு ஓடினார். அதன் தலைவர் இருக்கையில் இல்லை. அவருடைய செகிமோரி பணிமனையில் கிடந்ததால் அன்று மனைவியின் காரை எடுத்துவந்திருந்தார். அது வேறு கம்பெனிக் கார். வேறு கம்பெனிக் கார்களை ஆற்றங்கரை நிறுத்துமிடத்தில்தான் விட வேண்டும். அங்கிருந்து அலுவலகத்துக்குப் பதினைந்து நிமிஷ நடை. மனிதர் வியர்த்து வந்து சேர்ந்தபோது கோப்பைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார். "கம்பெனிப் பேருக்குப் பக்கத்துல பதிவுச் சின்னம் இருந்துச்சில்ல? அதை மட்டும்தான் பாத்தேன்... அதையும் பாத்தேன்னு சொல்ல வந்தேன்."

பணியாளர் பிரிவுத் தலைவியின் பதில் வேறு மாதிரி. "முந்தி மூணு பேரு முத்திரை வெச்சிருந்தாங்க. மூணு பேரு தப்புப் பண்ணுவாங்களா? அப்படி நினைக்கறது அவங்களுக்கு மரியாதை இல்லையே." விற்பனைத் தலைவர் விமான நிலையத்தில் இருந்தார், அவருடைய முத்திரையைச் செயலாளர் பதித்திருந்தார். இல்லாத ஆளின் முத்திரை என்பதால் கூடுதல் மரியாதையாக இன்னும் கொஞ்சம் சாய்த்தே பதித்தாராம்.

மணி பதினொன்று. தொகுரா மாடிப்படியில் நின்று தானியங்கிப் பெட்டியிலிருந்து ஒரு குப்பிக் காப்பி எடுத்தார். திறந்தார், குடிக்கவில்லை, அதையும் கையில் பிடித்தபடி தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனார். ஹயாமிசு என்பவர் அதன் தலைவர். கையில் எண்ணெய்க் கறை போகாத பழைய எஞ்சினியர். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார் என்று பெயர்.

"கோப்பு இங்கிருந்து போயிடுச்சு" என்றார் ஹயாமிசு.

"வாசிச்சீங்களா?" தொகுராவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு வாய் கசந்திருந்தது. வரப்போகும் பதிலும் தெரியும்.

"வாசிக்காம நான் எதுலயும் வெக்கறதில்ல."

"சரிங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உத்தரவு வாங்கிக்கறேன்."

"ஒம்பதாவது நிறுத்தம்" என்றார் ஹயாமிசு, திரும்பிப் பார்க்காமல். "அந்தக் கயிறு. முப்பத்தாறு வருஷமா அந்தப் பட்டையச் சோதிக்கறேன். ஏன் அப்படி முறுக்கிப் பின்னியிருக்குன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல."

தொகுரா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்ப... அது வேற தாள்னு தெரிஞ்சும் வெச்சீங்களா?"

"வேற தாளா? எனக்குச் சரியான தாள்னுதான் பட்டுச்சு." நாற்பது வார்த்தை தீர்ந்துகொண்டிருந்தது போல ஹயாமிசு கதவைக் கையால் காட்டினார். "பதினேழாவதுக்குக் காரணம் ஈரம். கார்புரேட்டர்ல பனி கட்டியிருக்கும். கண்டுபிடிச்சாச்சுன்னு அவருகிட்ட யாராவது சொல்லணும்."

கோப்பு நிர்வாக இயக்குநரையும் தாண்டி ஏழாம் மாடிக்குப் போயிருந்தது. ஏழாம் மாடியில் கம்பளம். காலடிச் சத்தம் கேட்காது. சத்தம் கேட்காத இடத்தில் தொகுராவுக்கு முழங்கால் இன்னும் வேகமாக ஆடியது. உள்ளே போன தாள் முத்திரை இல்லாமல் வெளியே வந்ததாகச் சரித்திரமில்லை என்று சேர்மனின் செயலாளர் அன்பாகச் சொன்னார். வேண்டுமானால் ஒரு நிமிஷம் பார்க்கலாம், சேர்மன் மதியம் சியோலுக்குக் கிளம்புகிறார்.

சேர்மன் செகிமோரி யசுதாகே நிறுவனரின் பேரன். எழுபது வயது. முன்னால் ஒரு அடி உயரத்துக்குத் தாள். அருகே சிவப்பு மைப்பெட்டி. தாளைத் திருப்பு, பதி, திருப்பு, பதி. சாமி பிரசாதம் கொடுக்கிற வேகம். மூன்றாவதாக நீல உறை இருந்தது.

"யாரு? ஆ, வரலாறு. கீழ இருந்து ஏறி வந்தீங்களா?" என்றார் சேர்மன். கீழே என்றால் மூன்றாம் மாடி.

"ஆமாங்க. அந்த நீல உறையப் பத்தி..."

சேர்மன் அதை எடுத்தார். ஏழு முத்திரைகளையும் பார்த்தார். ஏழும் அவரைக் கும்பிட்டன. அவர் முகம் கனிந்தது. "எல்லாரும் பாத்திருக்காங்களே. நல்லா வந்திருக்கா?"

இதுதான் இடம். 'தப்பாகிவிட்டது, திருப்பிக் கொடுங்கள்' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஐந்து பேர் வாசிக்காதது வெளியே வரும். ஐந்து பேரும் வரிசையாக நின்று தலை குனிவார்கள். ஏப்ரலில் தொகுரா வீட்டை இடிக்கப் போய்விடுவார். சொல்லாவிட்டாலும் போவார், கொஞ்சம் தாமதமாக. வாய் திறந்தது. ஹயாமிசுவின் கைக் கறை எதற்கோ நினைவுக்கு வந்தது.

"உண்மையா வந்திருக்குங்க" என்றது வாய்.

"அது போதும்" என்று சேர்மன் முத்திரையை ஊன்றினார். நெட்டுக்குத்தாக.

கீழே வந்தபோது அசாகா எழுந்து நின்றாள். "என்ன ஆச்சு?"

"நிக்கல" என்றார் தொகுரா. "நிறுத்தப் பாத்தேன். நம்ம கம்பெனித் தாளும் நிக்காது போலிருக்கு."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவருக்கு உட்கார முடியவில்லை. அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வந்தது. எட்டு முத்திரை விழுந்த விஷயம் என்பதால் யாரும் தொடவில்லை. அசாகா மட்டும் இரண்டு எழுத்துப் பிழை திருத்தினாள். தொகுரா உணவகத்தில் மேசை மாற்றி மேசை மாற்றி உட்கார்ந்தார். லிப்ட் வருவதற்குள் படியில் போய்விட்டு, மேலே போன பிறகு எதற்கு வந்தோம் என்று யோசித்தார். முகப்பில் இருந்த மூன்று சக்கர வண்டியைப் பார்க்காமல் பக்கவாசல் வழியே வந்து போனார்.

நவம்பரில் விழா. நகோயா ஹோட்டல் ஒன்றில் எண்ணூறு பேர். நிறுவனரின் பெரிய படம், அதற்குக் கீழே பனிக்கட்டியில் செதுக்கிய மூன்று சக்கர வண்டி. அது மெல்ல மெல்ல உருகிக்கொண்டிருந்தது. 'செகிமோரி நிற்காது' என்று மேலே துணியில் எழுதியிருந்தது. தொகுரா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் ஒதுங்கினார். கன்பே முந்தின புத்தகத்தின் பக்கக் கணக்கை வைத்துக்கொண்டு, உணர்ச்சியான இடம் இதுதான் என்று முப்பத்தோராம் பக்கத்தில் சிவப்புப் பட்டை ஒன்றைச் செருகி, சேர்மன் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்.

சேர்மன் ஒலிவாங்கியைச் சரிசெய்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"'முதல் நிறுத்தம்'" என்று கம்பீரமாகத் தொடங்கினார். "'காலை 6.20. பட்டறை வாசலிலிருந்து முப்பது அடி. காரணம்: பெட்ரோல் ஊற்ற மறந்தேன்.'"

மண்டபத்தில் யாரோ கரண்டியைத் தட்டில் போட்ட சத்தம் கேட்டது.

சேர்மன் ஒரு கணம் நிமிர்ந்தார். மேலே துணியில் எழுதியிருந்தது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எண்ணூறு பேர் எதிரில் நிற்காத நிறுவனத்தின் தலைவர் நடுவழியில் நிற்பது எப்படி? அவர் தொடர்ந்தார். இரண்டாவது நிறுத்தம், மூன்றாவது. முள்ளங்கி ஊறுகாய் வந்தது. சளி வந்தது. ஒன்பதாவதில் இடுப்புக் கயிறு அவிழ்ந்தது. கன்பே மேடை ஓரத்தில் நின்று, பனிக்கட்டி வண்டியைவிட வேகமாக உருகினார். பதினேழாவதுக்கு வந்தபோது சேர்மனின் குரல் இறங்கியிருந்தது. "'திரும்பிப் போய் நன்றி சொல்'" என்பதை ஏறக்குறைய தனக்குத்தானே படித்தார். புத்தகத்தை மூடினார்.

அப்போது ககோஷிமாவிலிருந்து வந்திருந்த ஒரு கிழட்டு விற்பனை முகவர் தன் இடத்திலிருந்து கத்தினார்: "அப்பாடா! எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சாவது சொன்னீங்களே. என் முதல் வண்டி இருபத்தோரு தடவை நின்னுது. நான்தான் ஓட்டத் தெரியாத மடையன்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு பின்வரிசையில், தரக் கட்டுப்பாட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம், கைதட்டல் கிளம்பியது. அது முன்னால் பரவியது. கைதட்டல் பலமாவதைக் கண்டதும் கன்பே மேடை ஏறி, எல்லாரையும்விட உயரத்தில் கையைத் தூக்கித் தட்டினார்.

மறுநாள் செய்தித்தாளில் 'நின்றதைச் சொன்ன நிறுவனம்' என்று அரைப் பக்கம். ஒரு வாரத்தில் கன்பே இரண்டு பேட்டி கொடுத்து, இந்தத் துணிச்சலான யோசனை ஒரு நள்ளிரவில் தனக்குத் தோன்றியதாகச் சொன்னார். 'செகிமோரி நிற்காது' என்ற பலகைகள் இறங்கின. 'பதினேழு முறை நின்றோம்' என்ற பலகைகள் ஏறின. முகப்பில் பயறுப் பூரணம் வைத்த பலகாரத்தில் பதினேழு என்று சூடு போட்டு விற்றார்கள். முத்திரை வைத்த மற்ற ஏழு பேரும், தாங்கள் அதை வாசித்தபோது கண் கலங்கியதாகத் தனித்தனியே ஒப்புக்கொண்டார்கள்.

தொகுராவுக்கு முழங்கால் கொஞ்சம் அடங்கியது. பிப்ரவரிவரை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மதியம் கன்பே தானே மூன்றாம் மாடிக்கு வந்தார். அவர் முன்பு அங்கே வந்ததில்லை. நாற்காலிக் கிடங்கின் கதவைத் தட்டிவிட்டுத்தான் இங்கே வந்தார். கையில் ஒரு கோப்பு.

"புது அருங்காட்சியகத்துக்கான வாசகம். ஏழு கட்டமும் முடிஞ்சாச்சு. உங்க கட்டம்தான் பாக்கி. வரலாற்று அறை சரிபார்த்ததுன்னு இருக்கணுமில்ல, அதுக்காக." பிறகு குரலைத் தாழ்த்தாமல், தாராளமாக: "அடியில உங்க மறுநியமனத் தாளும் இருக்கு. அஞ்சு வருஷம். கையெழுத்துப் போட்டாச்சு."

தொகுரா வாசகத்தைப் படித்தார். அவருக்கு அது பழக்கம்.

"முப்பத்துநாலுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"பதினேழுங்க."

"பதினேழு நல்ல எண்தான். ஆனா போட்டிக் கம்பெனி ஒண்ணு, அவங்க முதல் வண்டி இருபத்தஞ்சு தடவை நின்னுச்சுன்னு இந்த மாசம் விளம்பரம் போட்டிருக்கான். நம்ம நேர்மை அவன் நேர்மைல பாதியாவா இருக்கும், தொகுரா-சான்? முப்பத்துநாலு வேணும். கூடவே நிறுவனர் பனியில முட்டி போட்டு அழறாரு. கண்ணீர் கன்னத்துலயே உறைஞ்சு போகுது."

"அன்னிக்குத் தூறல்தாங்க."

"தூறல் உறையாதா?"

"அந்தக் கரிக்காரப் பெண்கள்?"

"எட்டு ஆக்கிட்டோம்" என்றார் கன்பே. "எண்ணிக்கை இரட்டிக்கும்போது எல்லாத்தையும் இரட்டிச்சாதான் பொருத்தமா இருக்கும். அவசரமில்ல. மூணு மணிக்குள்ள அனுப்புங்க."

அவர் போன பிறகு அறையில் கொதிகலன் இரைச்சல் மட்டும் இருந்தது. அசாகா தட்டச்சை நிறுத்தியிருந்தாள். தொகுராவின் முழங்கால் வேலையை ஆரம்பித்தது. மேசை ஆடியது, மேசை மேல் இருந்த மைப்பெட்டி ஆடியது, வெறுங்கட்டத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்ற முத்திரைக் குச்சியும் ஆடியது. அவர் எழுந்தார், சன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். மறுநியமனத் தாளை உருவிப் படித்தார். ஐந்து வருஷம். இதே சன்னல், இதே கொதிகலன். எண்பதாம் ஆண்டுப் புத்தகத்துக்குள் எண் அறுபத்தெட்டு ஆகியிருக்கும்; பெண்கள் பதினாறு பேர் ஆகியிருப்பார்கள்; நன்றி மட்டும் சொல்லப்படாமலே இருக்கும்.

"வெச்சுடுங்க தலைவரே. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் அசாகா. கேலியா நிஜமா என்று அவள் குரலில் தெரியவில்லை.

"நீ கூட்டத்துல வெச்சே தப்பைத் திருத்தினவ. நீ இதைச் சொல்லலாமா?"

"அதனாலதான் சொல்றேன். அனுபவம்."

தொகுரா முத்திரையை எடுத்து உறையில் போட்டு மூடினார். மேசை மேல் கிடந்த பென்சிலை எடுத்தார். தன் கட்டம் சின்னது என்பதால் கட்டத்துக்குக் கீழே விளிம்பில், நிறுவனர் எழுதுகிற மாதிரியே வரி வரியாக எழுதினார்:

பதினெட்டாவது நிறுத்தம். புதன், பகல் 2.40. மூன்றாம் மாடி, கொதிகலன் அறைக்குப் பக்கம். காரணம்: வாசகத்தில் பதினேழு நிறுத்தமும் நான்கு பெண்களும் ஒரு கண்ணீரும் அதிகம். செய்ய வேண்டியது: தள்ளிப் பார்க்கலாம். நகராது.

கோப்பை மூடி, மறுநியமனத் தாளையும் அதிலேயே வைத்து, மேசை நடுவில் நிறுத்தினார். மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. கன்பேயின் எண். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது.

"ஏப்ரல்ல வீடு இடிஞ்சுடுமே" என்றாள் அசாகா.

"வீட்ல இருந்தாத்தானே. கராசு கணவாய்க்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்களோட பிள்ளைங்க யாராவது இருப்பாங்க. போய்ப் பாக்கணும்."

"எதுல போவீங்க? உங்க செகிமோரியிலயா?"

தொகுரா யோசித்தார். முழங்கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"ரயில்ல" என்றார். "அந்த வண்டிய நம்பி மலையேற முடியாது. நிக்காம போய்த் தொலைக்கும்."